கூண்டுக்குப் பிறகே கோழி

(செம்பரம்பாக்கத்தில் நடைபெற்ற வாழ்வாதார உதவி பெறுவோர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





இன்றைய பேச்சு கோழியைப் பற்றியது என்றதும் பின்வரிசைத் தம்பிகள் சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை உங்கள் முன் வைக்க நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

சென்ற மழைக்காலம் முடிந்ததும் பன்னிரண்டு சகோதரிகளுக்குத் தலா ஏழு பெட்டையும் ஒரு சேவலும் கொடுத்தோம். பெரும்பாலோர் கணவரை இழந்தவர்கள். ஒருவர் அப்போதுதான் இத்தாக் காலத்தை முடித்திருந்தார். வீட்டை விட்டு வெளியே போகாமல், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே நாலு காசு பார்க்க வேண்டும் என்றால் கோழிதான் பொருத்தம் என்று நினைத்தோம். நினைத்தது தவறில்லை. நாட்டுக்கோழி ஆண்டுக்கு அறுபது, எண்பது முட்டைதான் இடும். நாமக்கல் பண்ணைக் கோழியோடு போட்டி போட முடியாது. ஆனால் முட்டைக்கு நல்ல விலை உண்டு, அடைக்கு வைத்தால் 21 நாளில் குஞ்சு, பிள்ளைகளுக்கும் ஒரு முட்டை மிஞ்சும். கொடுத்த அன்று எடுத்த புகைப்படம் இந்த மடலில் வந்தது. எல்லாரும் பாராட்டினீர்கள்.

அதன் பிறகு என்ன ஆயிற்று என்பது மடலில் வரவில்லை. ஐந்து மாதத்தில் மூன்றில் ஒரு பங்குக் கோழிகூட மிஞ்சவில்லை.

இது எங்களுக்குத் தெரிய வந்ததே வேறு வழியில். ஒரு சகோதரி இரண்டு மாதமாக ரேஷன் பொருள் வாங்க வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று எங்கள் வீட்டுப் பெண்கள் போய்ப் பார்த்தார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. "கோழி எங்கேன்னு செக்ரட்டரி பாய் கேட்டா நான் என்ன சொல்றது? வித்துத் தின்னுட்டேன்னு நினைச்சுட்டா?" என்றாராம். ஒரே இரவில் ஆறு கோழி போயிருக்கிறது. அந்த வெட்கத்தில் அரிசியும் வேண்டாம் என்று இருந்துவிட்டார்.

இதைக் கேட்டபோது எங்களுக்கு இருந்த மனநிலையைச் சொல்லத் தெரியவில்லை. ஜகாத் பணத்தில் வாங்கியதை ஒருவர் கையில் கொடுத்துவிட்டால் அது அவருடைய உடைமை. விற்பார், அறுப்பார், வளர்ப்பார். கணக்குக் கேட்க நமக்கு உரிமை இல்லை. இதைக் கொடுக்கும்போதே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அதைவிடப் பெரிய தவறு, கோழியைக் கொடுத்த நாங்கள் அது இரவில் எங்கே தங்கும் என்று ஒரு வீட்டில்கூடக் கேட்கவில்லை.

பிறகு வீடு வீடாகப் போனோம். மரப்பெட்டி, கவிழ்த்த பிளாஸ்டிக் கூடை, குளியலறை மூலை, முருங்கை மரக்கிளை. இவைதான் கோழிகள் அடைந்த இடங்கள்.

இன்னொரு வீட்டில் அடுத்த தெருப் பையன்தான் திருடினான் என்று சண்டை மூண்டு, இரு குடும்பமும் பேச்சை நிறுத்தியிருந்தன. நாங்கள் விசாரித்தபோது, கோழிகள் முற்றத்திலும் சாக்கடை ஓரத்திலும் செத்துக் கிடந்தன, ஒன்றைக்கூட எதுவும் தின்னவில்லை என்றார்கள். திருடன் கோழியைக் கொன்று போட்டுவிட்டுப் போவானா? அது நாயின் வேலை. தெருநாய்கள் கூட்டமாகப் புகுந்தால் பசிக்குத்தான் பிடிக்கும் என்பதில்லை. ஓடுவதையெல்லாம் கவ்வி உதறிப் போட்டுவிட்டுப் போகும். அந்தப் பையனின் தாயாரிடம் போய் மன்னிப்புக் கேட்கச் செய்தோம். அல்ஹம்துலில்லாஹ், பேச்சு திரும்பிவிட்டது.

ஆகவே யார் மேலும் பழி போடும் முன் தடயத்தைப் பாருங்கள். நாயை இப்போது சொன்னோம். முட்டையோ சிறு குஞ்சோ ஓசையே இல்லாமல், ஓர் இறகும் சிந்தாமல் காணாமல் போனால் பெரும்பாலும் பாம்பு. நல்ல பாம்பும் சாரையும் இரண்டும் வரும். விழுங்க முடியாத அளவில் குஞ்சு பெரிதாக இருந்தால் ஈரத்தோடு விட்டுவிட்டுப் போகும். பட்டப்பகலில், கழுத்தில் கடிபட்டு, வேலி ஓரமாக இழுத்துப் போன சுவடு இருந்தால் கீரி. கீரி பகலில் நடமாடும் பிராணி. இரவில் கூரை வழியாகவோ மரத்தின் வழியாகவோ இறங்கி வந்தது என்றால் மரநாய். பெயர்தான் நாய், பார்வைக்குப் பெரிய பூனை போல இருக்கும். பனைமரத்திலும் பழைய ஓட்டு வீட்டுப் பரணிலும் குடியிருக்கும். கூண்டுத் தரையில் புது மண் தோண்டிய துளை இருந்தால் பெருச்சாளி. அது முட்டையும் குஞ்சும் எடுப்பதோடு நிற்காது. அது போட்ட வழியில்தான் பிறகு பாம்பு வருகிறது. கூண்டுக்குள்ளேயே உடல் கிடக்கிறது, தலையை மட்டும் காணோம் என்றால் ஏதோ ஒன்று வலைக்கு வெளியே நின்றபடியே இழுத்திருக்கிறது. அப்போது குற்றம் வலையில்.

நம் ஊரின் அமைப்பையும் கொஞ்சம் யோசியுங்கள். ஏரி முழுக் கொள்ளளவான 24 அடியை நெருங்கும் ஐப்பசி, கார்த்திகையில் பள்ளமான மனைகளில் தண்ணீர் நிற்கும். வளைகளுக்குள் நீர் புகுந்ததும் பெருச்சாளியும் பாம்பும் மேட்டைத் தேடி வரும். மேடு என்றால் நம் வீடுதான். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஒரு பக்கம் அடுக்குமாடி, தொழிற்சாலை என்று ஊர் பெருகுகிறது. இன்னொரு பக்கம் விற்காத மனைகளில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. காடு இருந்த காலத்தில் தூரத்தில் இருந்தவை, காடு போன பிறகு கொல்லைப்புறத்துக்கு வந்துவிட்டன.

நமக்கு இந்த இழப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதும் உண்மை. நாயோ கீரியோ கொன்றதை நாம் உண்ண முடியாது. உயிர் இருக்கும்போதே முறைப்படி அறுத்தால்தான் ஹலால். காலையில் கதவைத் திறந்து செத்த கோழியைப் பார்க்கிற சகோதரிக்கு அதன் கறியும் இல்லை, அதை விற்றுக் காசாக்கவும் வழி இல்லை. அதனால் செத்ததைக் காலி மனையில் வீசிவிடுகிறார்கள். அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். தின்ன வந்தது மறுநாளும் அதே வாசனைக்கு வரும். ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்துவிடுங்கள்.

சரி, கோழிகள் எப்போது போயின? நாங்கள் கேட்ட வீடுகளில் அதிகம் சொல்லப்பட்ட காலம் எது தெரியுமா? ரமலான். முதலில் எங்களுக்கும் புரியவில்லை. பிறகு ஒரு பாட்டிம்மா விளக்கினார்கள். மற்ற நாளில் அந்தி சாயும்போது கோழியை அடைப்பது பிள்ளைகளின் வேலை. நோன்பு நாளில் பிள்ளைகள் அஸருக்குப் பிறகு தூக்குப் பாத்திரத்தோடு பள்ளிவாசலில் கஞ்சிக்கு வரிசையில் நிற்கிறார்கள். தாய் அடுப்படியில் இருக்கிறாள். பாங்கு சொன்னதும் நோன்பு திறப்பு, மக்ரிப் தொழுகை, பிறகு தராவீஹ். கூண்டுக் கதவு இரவு பத்து மணி வரை திறந்தே கிடக்கிறது. எங்களுக்குக் கஞ்சி கிடைத்த நேரத்தில் நாய்க்குக் கோழி கிடைத்திருக்கிறது.

கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. அதனால்தான் பொழுது சாயும்போதே தானாக வந்து அடைந்துவிடுகிறது. இருட்டிய பிறகு அதைக் கையால் தூக்கினாலும் ஓடாது. உங்கள் கைக்கு ஓடாதது மரநாய்க்கும் ஓடாது. இரவில் அதைக் காப்பாற்றுவது மூடிய கதவு ஒன்றுதான். எனவே மக்ரிப் பாங்கு சொல்லும்போது கதவு தாழிட்டிருக்க வேண்டும். நம் பகுதியில் டிசம்பரில் பொழுது 5.45ஐ ஒட்டிச் சாய்கிறது, ஜூன் கடைசியில் 6.35ஐத் தாண்டுகிறது. கடிகாரம் பார்க்கத் தேவையில்லை, பாங்கே போதும். இரவு தொடங்கும்போது கதவுகளை மூடி, பிள்ளைகளை உள்ளே வைத்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதை ஹஜ்ரத் பல முறை நமக்கு நினைவூட்டியிருக்கிறார்கள். கோழிக் கதவையும் அந்த நேரத்தோடு சேர்த்துக்கொள்வோம். ரமலானில் மட்டும் அதற்கு முந்தியே. அஸர் தொழுததும் கடைசித் தீனியைக் கூண்டுக்கு உள்ளே வையுங்கள், தானாக உள்ளே போகும். அடைத்துவிட்டுக் கஞ்சிக்குப் போகலாம். எண்ணிப் பார்த்து அடையுங்கள். ஒன்று குறைந்தால் அது எங்காவது புதரில் அடைக்கு உட்கார்ந்திருக்கும். தரையில் அடை காக்கும் கோழிதான் முதலில் போகும்.

இப்போது கூண்டு. அமெரிக்காவில் இருக்கும் நம் ஜமாஅத் குடும்பம் ஒன்று விடுமுறைக்கு வந்தபோது இந்தப் பேச்சு வந்தது. அங்கே வீட்டுக் கோழிக்கு எமன் ரக்கூன் என்ற பிராணி. நம் கீரியைவிடப் பெரிது, முன்னங்கால் மனிதக் கை போல வேலை செய்யும். சாதாரணக் கொக்கியைத் திறந்துவிடுமாம். அறுகோணக் கண் வைத்த மெல்லிய கோழி வலைக்குள் கையை விட்டுக் கோழியைத் துண்டு துண்டாக இழுத்துவிடுமாம். அந்த வலை கோழி வெளியே போகாமல் தடுக்கும், எதிரி உள்ளே வராமல் தடுக்காது என்பது அங்கே வளர்ப்பவர்களின் அனுபவம். ரக்கூன் நம் ஊரில் இல்லை, அந்த வலை மட்டும் இருக்கிறது. நம்மில் நாலு வீட்டில் அதைத்தான் அடித்திருந்தார்கள். தலை இல்லாத கோழி கிடந்தது அந்த வீடுகளில்தான்.

ஆகவே வலை என்றால் அரை அங்குலக் கண் உள்ள வெல்டட் மெஷ். விலை கூடுதல், ஆனால் பூனையின் காலும் போகாது, பெரிய பாம்பும் நுழையாது. எங்குமே இரண்டு விரல் நுழைகிற இடைவெளி விடக் கூடாது. கீரிக்குத் தலை நுழைந்தால் போதும். தரையிலிருந்து மூன்றடி உயரக் கால்கள் வேண்டும். தண்ணீர் நின்றாலும் கோழி நனையாது, அடியில் பெருச்சாளி தோண்டினாலும் தெரியும், எச்சத்தைக் கூட்டி அள்ளலாம். கால்களில் வழுவழுப்பான தகரத்தைச் சுற்றிவிட்டால் எலி ஏறாது. கதவுக்குக் கொக்கி போதாது, தாழ்ப்பாளும் அதில் செருக ஒரு ஆணியும் வேண்டும். மனிதத் திருடனும் உண்டு, பூட்டும் போடலாம். நாட்டுக்கோழி இரவு தங்க, கோழிக்கு ஒரு சதுர அடி போதும். எட்டுக் கோழிக்கு நாலடிக்கு இரண்டடி, குஞ்சு பெருகும் என்பதால் நாலுக்கு மூன்று.

பயத்தில் நாலு பக்கமும் தகரம் அடித்துவிடாதீர்கள். ஒரு வீட்டில் அப்படிச் செய்து, சித்திரை வெயிலில் எந்த எதிரியும் வராமலே இரண்டு கோழி செத்தன. இரண்டு பக்கம் வலை, கூரைக்கு மேல் கீற்று, போதும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் செங்கல் வைத்துக் கட்ட வேண்டாம். வீடு மாறினால் கூண்டு வீட்டுக்காரருக்குப் போய்விடும். இருவர் தூக்கக்கூடிய இரும்புச் சட்டக் கூண்டுதான் சரி.

பகல் காவல் வேறு. குஞ்சு பொரித்த முதல் சில வாரம் காகமும் பருந்தும் வல்லூறும்தான் எதிரி. இதற்கு நாங்கள் யோசித்த யோசனைகளையெல்லாம்விட நல்ல பதில் எதிர்வீட்டு அம்மாவிடம் கிடைத்தது. அவர்கள் நம் சமுதாயத்தவர் அல்ல, மூன்று தலைமுறையாக இந்த ஊரில் கோழி வளர்ப்பவர்கள். மூங்கிலில் பின்னிய பஞ்சாரத்தைக் கவிழ்த்து, மேலே ஒரு கல்லை வைத்து, தாயையும் குஞ்சையும் அதற்குள் விட்டுவிடுகிறார்கள். "பகலுக்குப் பஞ்சாரம் போதும் பாய், ராத்திரிக்கு அதை நம்பாதீங்க. நாய் ஒரு முட்டு முட்டினா கல்லும் உருளும், கூடையும் உருளும்" என்றார்கள். ஏரியில் மீன் பிடிப்பவர்களிடம் கிழிந்த வலை கிடைத்தால் முற்றத்துக்கு மேலே கட்டலாம், பருந்து இறங்காது. கின்னிக்கோழி ஒரு ஜோடி இருந்தால் புதிதாக எது வந்தாலும் தெருவே எழுந்துவிடும். அண்டை வீட்டார் தூக்கத்தையும் நினைத்து முடிவு செய்யுங்கள்.

அடுத்துச் சொல்வது கசப்பானது. ஒரு வீட்டில் கீரியைக் கொல்ல மீன் தலையில் எலி மருந்து வைத்திருக்கிறார்கள். கீரி வரவில்லை. பக்கத்து வீட்டுப் பூனை இரண்டு செத்தன. அந்த மீன் தலை கிடந்த இடத்துக்கு நாலடி தூரத்தில் தவழுகிற குழந்தை இருக்கிறது. இன்னொரு தம்பி கூண்டு வலையில் மின்சாரம் கொடுக்கலாமா என்று எங்களிடமே கேட்டார். பிள்ளைகள் முட்டை எடுக்கப் போகும் இடத்தில் மின்சாரமா?

காகத்தையும் பருந்தையும் கொல்ல ஹதீஸில் அனுமதி இருக்கிறதே என்று ஒருவர் வாதிட்டார். இருக்கிறது. புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. அனுமதி கட்டளை ஆகாது. விஷம் எந்தப் பிராணி என்று பார்த்துக் கொல்வதும் இல்லை. பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணின் கதியும் அதே நூல்களில்தான் இருக்கிறது. நாட்டுச் சட்டமும் உண்டு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கீரி, நல்ல பாம்பு, சாரை, உடும்பு எல்லாம் பாதுகாக்கப்பட்டவை. கொன்றால் வழக்கு, சிறை. எட்டுக் கோழிக்காக ஒரு குடும்பம் நீதிமன்றம் ஏறக் கூடாது.

கீரியைப் பற்றி ஒரு செய்தி. 1872இல் கரும்புத் தோட்டத்து எலியை ஒழிக்க, கல்கத்தாவிலிருந்து ஒன்பது கீரிகளை ஜமைக்காவுக்குக் கொண்டுபோனார்கள். எலியைத் தின்றது, பிறகு பெருகிப் பறவைகளையும் கோழிகளையும் தின்றது. பிறந்த மண்ணில் அது எலிக்கும் பாம்புக்கும் காவல், கொண்டுபோன மண்ணில் அதுவே தொல்லை. நம் மண்ணில் அது இருக்கட்டும். கதவை நாம் மூடிக்கொள்வோம்.

கூண்டுக்குள் பாம்பைப் பார்த்தால் கையை விடாதீர்கள். தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள், வருவார்கள். அதிகாலை இருட்டில் முட்டை எடுக்கப் போகும் சகோதரிகள் கையில் விளக்கு இல்லாமல் போக வேண்டாம். கடித்துவிட்டால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் 108இல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மந்திரிக்கப் போவதில் ஒரு நிமிடம்கூட இழக்க வேண்டாம். ஓதிப் பார்ப்பதை ஆம்புலன்ஸில் உட்கார்ந்தும் செய்யலாம். நஞ்சு முறிவு மருந்துக்கான விஷத்தை எடுத்துத் தருவதில், மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பாம்பை அடித்துக் கொல்லாமல் விஷத்தை எடுத்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். நாயின் வாயிலிருந்து கோழியைப் பிடுங்கப் போய்க் கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஊசி. கோழி போனால் போகட்டும்.

நாய்களைப் பிடித்துக்கொண்டு போய்விடச் சொல்லி மனு எழுதலாம் என்று பலர் கேட்கிறார்கள். 2023ஆம் ஆண்டு விதிகள் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போடும் பொறுப்பை உள்ளாட்சியிடம் கொடுத்திருக்கின்றன. அதைக் கேட்டு மனு கொடுப்போம், தயாராகிக்கொண்டிருக்கிறது. ஆனால் நாய்க்கூட்டம் நம் தெருவில் ஏன் நிற்கிறது? வலீமா முடிந்த இரவு மிச்சப் பிரியாணியையும் எலும்பையும் காலி மனையில் கொட்டுவது யார்? குர்பானிக் கழிவு எங்கே போனது? கோழிக்கடைக் கழிவு ஏரிப் பக்கம் மூட்டை மூட்டையாகக் கிடப்பதை நாங்கள் பார்த்தோம், கடைக்காரர்களில் நம் ஆட்களும் இருக்கிறார்கள். பணக்கார வீட்டு வலீமாவின் எலும்பு கூட்டி வந்த நாய், விதவையின் கோழியைத் தின்கிறது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

கடைசியாக, குழுவில் எடுத்த முடிவு. எட்டுக் கோழியின் விலையைவிட ஒரு கூண்டின் விலை அதிகம். "கூண்டுக்குப் போடும் பணத்தில் இன்னொரு சகோதரிக்குக் கோழி கொடுக்கலாமே" என்று ஒரு மூத்த உறுப்பினர் நியாயமாகவே கேட்டார். அன்று கோழியை இழந்த சகோதரி ஒருவர் அனுப்பியிருந்த செய்தியைப் படித்துக் காட்டினோம்: "கூண்டு இல்லாம கொடுத்தது எனக்குக் கொடுத்த ஜகாத் இல்ல பாய், நாய்க்குக் கொடுத்த சதகா." உறுப்பினர் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கூண்டையும் அவருக்கே உடைமையாக்கிக் கொடுப்பதால் ஜகாத் நிறைவேறும் என்று ஹஜ்ரத் விளக்கினார்கள். அரசு கைம்பெண்களுக்கு 50 சதவீத மானியத்தில் கொடுத்த 40 குஞ்சுகளும் நாலு வாரம் வளர்ந்தவை என்பதைக் கவனித்தோம். நாமும் இனி அதற்கு இளையதைக் கொடுப்பதில்லை.

எனவே இந்த முறை கூண்டு முதலில் வரும். வைக்கிற இடத்தை எங்கள் ஆள் வந்து பார்த்து, பத்து நாள் கழித்துத்தான் கோழி வரும். கோழியை இழந்தவர்கள் பட்டியலில் முதலில் இருக்கிறார்கள். காரணம் எழுதித் தர வேண்டியதில்லை. ரேஷனுக்கு வராமல் இருந்த அந்தச் சகோதரியின் முற்றத்தை நேற்று அளந்துவிட்டோம். மூன்றரை அடிதான் இருக்கிறது. கூண்டைக் கொஞ்சம் குறுக்கி, உயரத்தைக் கூட்டச் சொல்லி வெல்டிங் பட்டறையில் சொல்லியாயிற்று, இன்ஷா அல்லாஹ் வியாழக்கிழமை வருகிறது. மற்றவர்கள் போகும்போது வாசலில் இருக்கும் நோட்டில் பெயரையும், கூண்டு வைக்கிற இடத்தின் நீள அகலத்தையும் எழுதிவிட்டுப் போங்கள். அளவு தெரியாவிட்டால் காலடிக் கணக்கு போதும்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரக்காத்துஹு.